மோனோரயில் போகி: தெரு முனை இறுகினால் எதைப் போடுவது?

இங்கே மொரீஷியஸில், ரெடுயியில் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகளில் வருடத்துக்கு இரண்டு பேராவது கடைசி வருடப் பிராஜெக்டாக "போர்ட் லூயி நகருக்குள் ஒரு மோனோரயில்" என்று எடுத்துவிடுகிறார்கள். படம் அழகாக வரும், வாத்தியார்களுக்கும் பிடிக்கும். பாதையை வரைந்து, தூணை நட்டு, நிலையங்களுக்குப் பெயரும் வைத்த பிறகு முதல் தெரு முனையில் மாட்டிக்கொள்வார்கள். அப்புறம் "தொந்தொன் (மாமா), எந்த போகியைப் போடுவது?" என்று என் வீட்டு வாசலுக்கு வருவார்கள். நான் மோனோரயில் செய்தவன் இல்லை. 22 வருடம் ஒரு பஸ் டெப்போவில் டயரோடும் ஆக்சிலோடும் கிடந்தவன். ஆனால் இந்தக் கேள்வியில் முக்கால்வாசி டயர் கேள்விதான் என்பதால் எனக்கு ஓரளவு பிடிபட்டது, மீதியைப் படித்துத் தெரிந்துகொண்டேன். இனி வருகிறவர்களிடம் இதையே நீட்டிவிடலாம் என்று எழுதி வைக்கிறேன்.

ஒரு வார்த்தைத் தகராறை முதலில் தீர்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் இருந்து வேலைக்கு வந்தவர்களிடம் "போகி" என்றால் ரயில் பெட்டியைத்தான் நினைக்கிறார்கள். இங்கே நான் சொல்வது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கிக்கொண்டு தனியாகத் திரும்பும் அந்தச் சட்டம். பாதையாக ஓடும் ஒற்றை உத்தரத்தின் மேல் காலைப் பரப்பி உட்காரும் மோனோரயிலில், ஜப்பானில் ஓடும் பெரிய வகையை எடுத்துக்கொண்டால், ஒரு போகிக்கு 10 டயர்: மேலே ஓடும் பாரம் சுமக்கும் டயர் 4, உத்தரத்தின் இரு பக்கத்தையும் கவ்வி வழி காட்டும் டயர் 4, கீழே வண்டி சாயாமல் பிடிக்கும் டயர் 2. ஒரு பெட்டிக்கு இரண்டு போகி, நாலு பெட்டி ரயில் என்றால் 80 டயர். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

பிள்ளைகள் வழக்கமாக முதலில் கேட்பது வேகம். வேகத்தைக் கடைசியில் வையுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன். நான் பார்ப்பது இவை: வளைவில் டயர் எவ்வளவு இழுபடுகிறது, பெட்டி எவ்வளவு பிதுங்குகிறது, ஒரு டயர் மேல் எவ்வளவு பாரம் விழுகிறது, டயர் மாற்ற ஒர்க்ஷாப்பில் எவ்வளவு பாடு, அப்புறம் பாகம் வாங்க எத்தனை கடை இருக்கிறது.

டயர் இழுபடுவது என்றால் என்ன என்று தெரிய சர்க்கரை ஆலைப் பக்கம் போனால் போதும். "கூப்" என்கிற கரும்பு வெட்டுக் காலத்தில், ஜூன் ஜூலையில் தொடங்கி, பின்னால் இரட்டை ஆக்சில் வைத்த கரும்பு லாரி ஆலை முற்றத்தில் ஒடித்துத் திரும்பும்போது பாருங்கள். முன் சக்கரம் திரும்புகிறது. பின்னால் உள்ள இரண்டு ஆக்சிலும் ஒன்றுக்கொன்று இணையாக இறுகிக் கிடப்பதால் எந்த ஆக்சிலும் வளைவின் மையத்தைப் பார்க்காது. ஒன்று வெளியே தள்ளும், ஒன்று உள்ளே இழுக்கும். சிமெண்ட் தரையில் கரும்பிறை மாதிரி கறுப்புக் கோடு விழும், ரப்பர் வாசனை வரும். அந்த டயரைக் கழற்றி வைத்துக் கையால் தடவினால் ஒரு பக்கம் வழுக்கும், மறு பக்கம் மீன் செதில் மாதிரி சொரசொரக்கும். நான் பஸ்ஸில் அலைன்மெண்ட் கெட்டதைக் கருவி வருவதற்கு முன்னால் இந்த விரல் தடவலில்தான் கண்டுபிடிப்பேன். இரண்டு அச்சு (ஆக்சில்) மோனோரயில் போகிக்கு ஒவ்வொரு வளைவிலும் நடப்பது இதேதான், என்ன, லாரிக்கு எப்போதாவது நடப்பது இதற்கு அஞ்சு நிமிடத்துக்கு ஒரு தடவை நடக்கும்.

கணக்கு சுலபம். இரண்டு அச்சுக்கும் உள்ள இடைவெளியில் பாதியை வளைவின் ஆரத்தால் வகுத்தால் டயர் எவ்வளவு கோணலாக ஓடுகிறது என்று வரும். அச்சு இடைவெளி 1.5 மீட்டர், ஆரம் 50 மீட்டர் என்றால் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. பாரம் சுமக்கும் டயரில் ஒரு டிகிரி கோணலுக்குப் பாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பக்கவாட்டு விசை எழும் என்று வைத்துக்கொள்ளலாம்.

பெட்டி பிதுங்குவதும் பள்ளிக்கூடக் கணக்குதான். இரண்டு போகிகளின் மையத்துக்கும் இடையே 10 மீட்டர் என்றால், அதை வர்க்கமாக்கி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் பெட்டியின் நடுப்பகுதி வளைவின் உள்ளே எவ்வளவு வருகிறது என்று தெரியும். அந்த அளவு தெரிந்தால் தெரு எவ்வளவு அகலம் வேண்டும் என்பதும் வந்துவிடும். செங்குத்தாகச் சந்திக்கும் ஒரே அகலமுள்ள இரண்டு தெருக்கள், உத்தரம் தெருவின் நடுவில், பெட்டி அகலம் 3 மீட்டர், முனைக் கட்டடத்துக்கும் பெட்டிக்கும் இடையே முக்கால் மீட்டர் இடைவெளி. இப்படி வைத்துக்கொண்டு நான் போட்ட கணக்கு இது:

| வளைவு ஆரம் | டயரின் கோணல் | பெட்டி உள்ளே பிதுங்குவது | பெட்டிக்கு அடியில் போகி திரும்புவது | சாய்வு தராத உத்தரத்தில் வசதியான வேகம் | சுவருக்குச் சுவர் தெரு அகலம் |
|---|---|---|---|---|---|
| 100 மீ | 0.4° | 13 செ.மீ. | 3° | 36 கி.மீ. | 62 மீ |
| 50 மீ | 0.9° | 25 செ.மீ. | 6° | 25 கி.மீ. | 33 மீ |
| 30 மீ | 1.4° | 42 செ.மீ. | 10° | 20 கி.மீ. | 21 மீ |
| 20 மீ | 2.1° | 63 செ.மீ. | 14° | 16 கி.மீ. | 16 மீ |

கடைசிப் பத்தியை இன்னொரு தடவை பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் போட்ட கட்டம் கட்டமான போர்ட் லூயி தெருக்களில் 33 மீட்டர் அகலத்துக்கு எங்கே போவது? நேர்கோட்டில் இருந்து வளைவுக்குள் மெல்ல நுழைய வைக்கும் இடைப்பகுதியை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை, அதைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் இடம் கேட்கும். உத்தரத்தைத் தெருவின் வெளிப்பக்கமாகத் தள்ளி வைத்தால் கொஞ்சம் மிச்சப்படும். எப்படிப் பார்த்தாலும் போகியைத் தீர்மானிப்பது போகிப் படம் இல்லை, முனையில் நிற்கும் கட்டடம்.

வேகத்தை ஏன் கடைசியில் வைக்கச் சொன்னேன் என்றால், 60 மீட்டர் நீள ரயில் ஒன்று 50 மீட்டர் ஆரத்தில் ஒரு செங்கோண முனையை முழுசாகக் கடக்க ஏறத்தாழ 20 விநாடி ஆகும். 20 மீட்டர் ஆரத்தில் மெதுவாகப் போனாலும் வளைவே குட்டை, அதனால் அதே 20 விநாடிதான். கூடுதலாகப் பிரேக் பிடித்து மறுபடி வேகம் எடுப்பதில் முன்னும் பின்னும் ஒன்றிரண்டு விநாடி போகும். ஒரு நிலையத்தில் கதவு மூடும்போது ஒருவர் காலை நீட்டினால் அதைவிட அதிகம் போகும்.

## இரண்டு அச்சு போகி

இதுதான் உலகத்தில் அதிகம் ஓடித் தேய்ந்தது. 1964இல் தொடங்கிய தோக்கியோ மோனோரயில், 1985இல் கிதாக்யூஷு, 1990இல் ஒசாகா, 2003இல் ஒகினாவாவின் நாஹா, சீனாவில் சோங்சிங் என்று கூட்டம் ஏற்றும் இடங்களில் எல்லாம் இந்த வம்சம்தான். நம்மைப் போலப் புயல் அடிக்கும் தீவு என்பதால் பிள்ளைகளிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஒகினாவாவை. தொடக்கத்தில் இரண்டு பெட்டி ரயில், 2023இல் இருந்து மூன்று பெட்டி ரயிலும் உண்டு, ஊருக்கு நடுவில் ஆற்றங்கரையோடு நெளிந்து போகும்.

இதன் பலம் பாரம். ஆளோடு சேர்த்து 25 டன் பெட்டி என்று வைத்தால், 8 டயருக்குப் பிரித்து ஒன்றுக்கு 3 டன்னுக்குக் கொஞ்சம் மேல். ஒரு டயர் பஞ்சரானால் பக்கத்து டயரும் அடுத்த அச்சும் தாங்கும், போதாததற்குத் துணைச் சக்கரம் வேறு இருக்கும். டயருக்குள் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடைப்பார்கள், தீப்பிடிக்கும் ஆபத்து குறையட்டும் என்று.

50 மீட்டர் ஆரத்தை ஒட்டி வரும்வரை இது சமாளிக்கும். அதற்குக் கீழே போனால் செலவு தெரியாமல் ஏறும். ஒரு அச்சில் 6 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டர் வளைவில் முன் அச்சு ஒரு பக்கமும் பின் அச்சு மறுபக்கமும் அரை டன் அளவுக்குத் தள்ளும், அதாவது போகியே நேராக்கிக்கொள்ளப் பார்க்கும். அதைத் திருப்பிப் பிடித்து வைப்பது பக்கத்தில் உள்ள கைடு டயர்கள், அவை 2.5 மீட்டர் இடைவெளியில் இருந்தால் போகியின் ஒவ்வொரு முனைக்கும் 300 கிலோ கூடுதல் அழுத்தம். 20 மீட்டர் வளைவில் இதே கணக்கு முக்கால் டன்னுக்கு வரும். சின்ன டயர், வேகமாகச் சுற்றும், சீக்கிரம் சூடாகும். பாரம் சுமக்கும் டயர் தேய்வதைப் பட்ஜெட்டில் எழுதுவார்கள், கைடு டயரை மறந்துவிடுவார்கள். சாயாமல் பிடிக்கும் டயரையும் சேர்த்தால் அந்தப் பக்கத்து டயர்களின் எண்ணிக்கைதான் அதிகம், ஒரு போகியில் 10க்கு 6.

இன்னொரு மறைவான விலை தரை உயரம். போகி பெட்டிக்கு அடியில் 6 டிகிரி திரும்ப வேண்டும், டயர் உருண்டு வர இடம் வேண்டும். பெட்டித் தரையை உயர்த்தி எல்லாவற்றையும் அடியில் வைத்தால் உள்ளே சமதளம் கிடைக்கும், வண்டி உயரமாகும், நிலையமும் உயரமாகும். உயர்த்தாவிட்டால் டயர் பெட்டிக்குள் முட்டிக்கொண்டு வரும். தோக்கியோ மோனோரயிலில் நடுவில் மேடை கட்டி அதன் மேல் இருக்கை போட்டிருப்பது அதனால்தான். சுற்றுலா போகிறவர்களுக்கு அது ஜாலியாக இருக்கும். காலை ஏழரை மணிக்கு ரோஸ் ஹில்லில் ஏறும் கூட்டத்துக்கு அந்த மேடை இடைஞ்சல்.

இது பொருந்துவது: கூட்டம் அதிகம், பாதை அகலமான சாலை வழியே போகிறது, இறுகிய முனை ஒன்றோ இரண்டோதான். அந்த ஒன்றிரண்டு முனைக்காகப் போகியை மாற்றாதீர்கள். பாதையை நகர்த்துங்கள், அல்லது முனைக் கட்டடத்தின் விலையைக் கேட்டுப் பாருங்கள்.

## ஒற்றை அச்சு போகி

ஒரே அச்சு, அதற்கு முன்னும் பின்னும் சம தூரத்தில் கைடு டயர்கள். வளைவில் கைடு டயர்கள் சட்டத்தைத் திருப்பிக்கொடுக்க, அச்சு எப்போதும் வளைவின் மையத்தைப் பார்த்தே நிற்கும். கோணல் பூச்சியம். கரும்பு லாரிச் சங்கதியே இதில் கிடையாது. முதன்முதலில் இது புரிந்தபோது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம், ஏனென்றால் இவ்வளவு எளிய தீர்வு இருக்க எல்லோரும் ஏன் இதைப் போடவில்லை என்று தோன்றியது. ஏன் போடவில்லை என்பது ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது.

2014இல் திறந்த சாவோ பாலோவின் 15ஆம் வழித்தடத்தில் ஓடும் இன்னோவியா 300 வகை வண்டி இந்த ஜாதி. அதற்குச் சொல்லும் குறைந்தபட்ச ஆரம் 46 மீட்டர். கவனியுங்கள், கோணல் பூச்சியமாக இருந்தும் 20க்கு இறங்கவில்லை. பெட்டி நீளமாக இருக்கும்வரை பிதுங்கல் அப்படியேதான் இருக்கும், போகி எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும். பெட்டியைக் குட்டையாக்காமல் ஒற்றை அச்சை மட்டும் வாங்குவது பாதி வைத்தியம்.

பாரம் அடுத்த சிக்கல். பெட்டிக்கு 8 டயர் இருந்த இடத்தில் இப்போது 4. அதே 25 டன் என்றால் ஒரு டயருக்கு 6 டன்னைத் தாண்டும். அதனால் பெட்டியை இலேசாகவும் குட்டையாகவும் செய்தே ஆக வேண்டும், அலுமினியம், கூட்டுப்பொருள் என்று போக வேண்டும், விலை ஏறும். டயர் காற்று இறங்கினால் தாங்க அடுத்த அச்சு இல்லை, ஆகவே டயருக்குள்ளேயே ஒரு தாங்கு வளையம் வைப்பார்கள். அந்த வளையத்தையும் சேர்த்துத்தான் பராமரிக்க வேண்டும். சாவோ பாலோவில் 2020 பிப்ரவரியில் ஒரு டயர் வெடித்துத் துண்டு கீழே விழுந்து, அந்த வழித்தடமே மாதக்கணக்கில் நின்றது. தெருவுக்கு மேலே ஓடும் வண்டியில் டயர் வெடித்தால் அது வண்டிக்காரனுக்கு மட்டுமான பிரச்சினை இல்லை, கீழே தோல் பூரி (பருப்பு வைத்த ரொட்டி) விற்கிறவருக்கும் பிரச்சினை.

பிரேக் சமாசாரம் ஒன்று இருக்கிறது, இதைப் பிராஜெக்டில் யாரும் எழுதிப் பார்த்ததில்லை. இரண்டு அச்சு போகி பிரேக் பிடித்தால் முன் அச்சில் பாரம் கூடி, பின் அச்சில் குறைந்து தானே நிமிர்ந்து நிற்கும். ஒற்றை அச்சு அப்படி நிற்காது, சைக்கிள் முன் சக்கரம் மாதிரி அச்சைச் சுற்றிக் குப்புற விழப் பார்க்கும். அதைப் பிடித்து வைக்கப் பெட்டியோடு ஒரு தண்டு இணைக்க வேண்டும். அந்தத் தண்டு பிரேக்கைத் தாங்கவும் வேண்டும், போகி திரும்புவதைத் தடுக்காமலும் இருக்க வேண்டும். அதன் இரண்டு முனையிலும் ரப்பர் புஷ் இருக்கும். ரப்பர் புஷ் உள்ள இடத்தில் எல்லாம் ஒர்க்ஷாப்காரனுக்கு வேலை உண்டு, பஸ்ஸில் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போனவன் சொல்கிறேன்.

இறுகிய வளைவில் ஒரே அச்சில் பக்கத்தில் பக்கத்தில் உள்ள இரண்டு டயரும் சண்டை போடும். நடுவில் 40 செ.மீ. இடைவெளி என்றால் 20 மீட்டர் ஆரத்தில் வெளி டயர் உள் டயரைவிட 2 சதவீதம் அதிக தூரம் ஓட வேண்டும். டிஃபரென்ஷியல் வைத்தால் தீரும், வைக்காவிட்டால் தேயும். 50 மீட்டரில் இது ஒரு சதவீதத்துக்கும் குறைவு, கண்டுகொள்ளாமல் விடலாம்.

இது பொருந்துவது: நடுத்தரக் கூட்டம், முனைகள் நிறைய, எல்லாமே 45 முதல் 60 மீட்டருக்குள், டிரைவர் இல்லாமல் சின்ன ரயிலை அடிக்கடி விடலாம் என்ற திட்டம்.

## அச்சைத் திருப்பும் போகி

இரண்டு அச்சும் இருக்கட்டும், ஆனால் வளைவில் ஒவ்வொன்றும் தானே மையத்தைப் பார்க்கும்படி லிங்க் வைத்து இணைத்துவிடலாமே என்று புத்திசாலிப் பிள்ளைகள் கேட்பார்கள். கேள்வி நல்ல கேள்வி. இரும்புத் தண்டவாளத்தில் இதைச் செய்திருக்கிறார்கள்: தோக்கியோவில் 1927இல் தொடங்கிய கின்சா சுரங்கப் பாதை முழுக்க இறுகிய வளைவு, அங்கே 2012இல் வந்த புது வண்டிகளின் போகியில் ஒரு அச்சு வளைவுக்கு ஏற்றபடி திரும்பும். சக்கரக் கிறீச்சொலி குறைந்தது, தேய்மானம் குறைந்தது.

மோனோரயிலில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உத்தரத்தின் மேல் உள்ள 850 மில்லிமீட்டருக்குள் மோட்டார், கியர், பிரேக், டயர் எல்லாம் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. அதற்குள் லிங்க்கும் பால் ஜாயின்டும் சொருகினால் முதல் ஆறு மாதம் நன்றாக ஓடும். லிங்க்கில் இரண்டு மில்லிமீட்டர் ஆட்டம் வந்த நாளிலிருந்து நேர்ப் பாதையிலும் டயர் கோணலாக ஓடும், அப்போது சும்மா இருந்த போகியைவிட மோசமாகத் தேயும். நான் இருந்த டெப்போவில் பின் ஆக்சிலும் திரும்பும் ஒரு வண்டி வந்தது, என்னதான் பண்ணினாலும் மாதத்துக்கு ஒரு தடவை அலைன்மெண்டுக்கு நிற்கும். வண்டியைக் குறை சொல்ல முடியாது, அதற்கு வேண்டிய அளவுகோல் மேஜை எங்களிடம் இல்லை.

## தொங்கும் வகை

பெட்டி உத்தரத்துக்குக் கீழே தொங்கும். 1901இல் இருந்து வூப்பர்தாலில் ஓடுவது இரும்புச் சக்கரம், திறந்த தண்டவாளம். ஜப்பானில் 1988இல் திறந்த சிபா மோனோரயில் வேறு மாதிரி: அடிப்பக்கம் பிளந்த இரும்புப் பெட்டி உத்தரத்துக்குள் போகி ஓடும், ரப்பர் டயர், மழை படாது. 15.2 கிலோமீட்டர் நீளத்துக்குத் தொங்கும் வகையில் உலகின் பெரிய பாதை அது.

வளைவில் இதற்கு ஒரு இயற்கையான சலுகை உண்டு. பெட்டி ஊஞ்சல் மாதிரி வெளிப்பக்கம் சாயும், உள்ளே நிற்கிறவருக்குப் பக்கத்தில் தள்ளுகிற உணர்வு குறையும். உத்தரத்தைச் சாய்த்து வார்க்க வேண்டிய வேலை மிச்சம். ஆனால் பெட்டி ஆடும் அகலத்தையும் தெருவில் சேர்த்து ஒதுக்க வேண்டும், ஆகவே முனைக் கட்டடக் கணக்கில் லாபம் ஒன்றும் இல்லை. அடியில் லாரி போக இடம் விட்டு, அதற்கு மேல் பெட்டி, அதற்கு மேல் உத்தரம் என்றால் தூண் நெடுக வளரும். துறைமுகத்து உப்புக் காற்றில் இரும்பு உத்தரம், அதன் உள்பக்கத்துக்கும் வண்ணம் பூச வேண்டும், குழாய்க்குள் ஆளை அனுப்பிப் பார்க்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதை நிறுத்துவார்கள். மேடு பள்ளமான, ஆற்றின் மேல் போகிற பாதைக்கு இது சரி. போர்ட் லூயிக்கு மனசு ஒப்பவில்லை.

## குட்டிப் பெட்டி, குட்டி போகி

சிட்னியில் 1988 முதல் 2013 வரை ஓடியது இது. 3.6 கிலோமீட்டர் வட்டம், மெல்லிய இரும்பு உத்தரம், ஒன்றோடொன்று கோத்த குட்டிக் குட்டிப் பெட்டிகள், தெரு முனையில் சுமார் 20 மீட்டர் ஆரத்தில் மடங்கித் திரும்பும். பிதுங்கல் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள்: போகிகளுக்கு இடையே 10 மீட்டருக்குப் பதில் 4 மீட்டர் என்றால், 20 மீட்டர் ஆரத்திலும் வெறும் 10 செ.மீ. பெட்டி அகலத்தையும் 2 மீட்டராக்கினால் 14 மீட்டர் தெருவிலேயே திரும்பிவிடும். தூய வடிவியலாகப் பார்த்தால் இதை அடிக்க ஆள் இல்லை.

அப்புறம் ஏன் பிரித்து எறிந்தார்கள்? ஊர்க்காரர்கள் வேலைக்குப் போக அதைப் பெரிதாக நம்பவில்லை, சுற்றுலாக்காரர்கள் ஏறினார்கள், நகரம் டிராமை நீட்ட முடிவு செய்தது. குட்டி போகி நல்லதுதான், ஆனால் அது கூட்டத்தைக் குட்டியாக்கிவிடும். சமமான ஆட்களை ஏற்ற அதிகப் பெட்டி, அதிகப் பெட்டிக்கு அதிக போகி. மேலே 80 டயர் கணக்கு சொன்னேனே, அதைவிடக் கூடும், ஒவ்வொன்றும் சின்னது, சீக்கிரம் தேய்வது. கண்காட்சி மைதானம், விமான நிலையம், கடற்கரைச் சுற்று, இப்படி ஒரு இடத்துக்கு இது அருமை.

## எல்லாவற்றுக்கும் பொதுவான இரண்டு செலவு

ஒன்று, கடை. இரும்புத் தண்டவாளத்துக்கு 1435 மில்லிமீட்டர் என்று உலகத்தில் பெரும்பாலோர் ஒத்துக்கொண்டார்கள். நம் மெட்ரோ எக்ஸ்பிரஸ் டிராம் ஸ்பெயின் வண்டியாக இருந்தாலும் நாளைக்கு வேறு நாட்டு வண்டியையும் அதே தண்டவாளத்தில் வைக்கலாம். மோனோரயிலில் உத்தர அகலம் ஒவ்வொருவருக்கும் ஒன்று: 850, 800, 690 என்று. எந்த போகியைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அந்தக் கடைக்காரரைத்தான் 30 வருடத்துக்குத் தேர்ந்தெடுக்கிறீர்கள். 2014இல் தொடங்கிய மும்பை மோனோரயிலில் வண்டி தந்தவர்களோடு ஒப்பந்தம் முறிந்த பிறகு பாகம் கிடைக்காமல் கையில் மிஞ்சிய சில வண்டிகளை வைத்தே ஓட்டினார்கள். அது பெரிய நாடு, உள்ளூரில் செய்துகொள்ள வழி உண்டு. நமக்கு ஒரு புஷ் என்றாலும் கப்பலிலோ விமானத்திலோதான் வர வேண்டும்.

இரண்டு, பக்கத்துப் பாதை. போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என்று இரண்டு உத்தரம் வளைவில் பக்கத்தில் பக்கத்தில் போகும்போது ஒரு பெட்டியின் நடு உள்ளே பிதுங்கும், மற்றதன் மூலை வெளியே நீளும். சியாட்டிலில் 1962இல் இருந்து மோனோரயில் ஓடுகிறது. பின்னாளில் நிலையத்தை மாற்றிக் கட்டியபோது ஓரிடத்தில் இரண்டு உத்தரத்தையும் இரண்டு ரயில் ஒரே நேரத்தில் போக முடியாத அளவுக்கு நெருக்கிவிட்டார்கள். ஒன்று நின்றால் ஒன்று போகட்டும் என்று விதி வைத்தார்கள். 2005 நவம்பரில் இரண்டும் அதே இடத்தில் உரசிக்கொண்டன.

## அப்போது எது?

அகலச் சாலை, பெருங்கூட்டம் என்றால் இரண்டு அச்சு. முனைகள் நிறைய, ஆனால் 45 மீட்டருக்குக் கீழே போகாது என்றால் ஒற்றை அச்சு, பெட்டியை 10 மீட்டர் நீளத்துக்குள் வைத்துக்கொண்டு. 30 மீட்டருக்குக் கீழே போக வேண்டிய முனை இரண்டுக்கு மேல் இருந்தால் மோனோரயிலை மறந்துவிட்டு டிராமைப் பாருங்கள். நம் மெட்ரோ வண்டி 45 மீட்டர் நீளம், ஆனால் ஏழு துண்டாக மடங்கும். 25 மீட்டர் வளைவை டிராம் உலகத்தில் யாரும் பெரிதாகப் பேசுவதே இல்லை. 2020 ஜனவரியில் ரோஸ் ஹில் வரை, 2022 அக்டோபரில் கியூர்பிப் வரை என்று அது பழைய ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. 1956இல் பயணிகள் ரயிலை நிறுத்தியபோது விட்டுப்போன அந்த இடம் இல்லாவிட்டால் அதற்கும் முனைத் தகராறு வந்திருக்கும்.

போன மாதம் வந்த பையன் 20 மீட்டருக்கு அச்சைத் திருப்பும் போகி ஒன்றை வரைந்து கொண்டுவந்திருந்தான், நல்ல வரைபடம், பால் ஜாயின்ட் எல்லாம் நிழல் போட்டு. "முனையை அளந்தாயா?" என்றேன். கூகுள் படத்தில் 18 மீட்டர் வருகிறது என்றான். சரி என்று இருவரும் ஞாயிற்றுக்கிழமை காலை, கடைகள் மூடியிருக்கும் நேரத்தில், நாடாவோடு போனோம். சுவருக்குச் சுவர் 13 மீட்டர் 40. மேல் மாடித் தாழ்வாரம் ஒவ்வொரு பக்கமும் ஒன்றேகால் மீட்டர் தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. வண்டி ஓடும் உயரத்தில் மிச்சம் 11 மீட்டருக்கும் குறைவு. அவன் நாடாவைச் சுருட்டிக்கொண்டே, அடுத்த தெரு வழியாகப் போனால் எத்தனை முனை குறையும் என்று கேட்டான். இரண்டு, என்றேன்.